தீயை அணைத்த சொல்

ஏப்ரல் 14 சித்திரைப் பிறப்பு. அம்பேத்கர் பிறந்த நாள். தீயணைப்பு நிலையங்களுக்கு அது தீத்தொண்டு நாளும்கூட. 1944-இல் அதே தேதியில் பம்பாய் விக்டோரியா துறையில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்கப் போன 66 வீரர்கள் மாண்டார்கள். அவர்கள் நினைவாக நாடு முழுவதும் அந்த வாரம் தீப் பாதுகாப்பு வாரம். தமிழ்நாட்டில் அதற்குத் தீத்தொண்டு வாரம் என்று பெயர். பெயர் வைத்தவர் யாரோ, நல்ல காதுள்ளவர்.

அப்படி ஒரு வார விழாவில் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர், எதிரே சீருடையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, அவர்கள் துறையின் பெயரே பிழை என்றார். அணைத்தல் என்றால் தழுவுதலாம். தீயைத் தழுவுகிறவன் பிழைப்பானா? ஆங்கிலத்திலிருந்து அவசரமாக மொழிபெயர்த்தவன் செய்த கோளாறாம். தீயவிப்புத் துறை என்று மாற்றினால்தான் தமிழ் பிழைக்குமாம். கைதட்டல் பலமாக இருந்தது. விருந்தாளியாக வந்த இடத்தில் வழக்காட முடியாமல் போன வழக்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அவரைவிட மோசமான கட்சி ஒன்று கைப்பேசியில் சுற்றுகிறது. பகையையும் அன்பால் வெல்லும் தமிழன் தீயையும் தாய்போல் அணைத்தான், ஆகவே தீயணைப்பு. இதற்கு மறுப்பு எழுதுவது மைக்குக் கேடு.

மூன்றாவது கட்சி கொஞ்சம் படித்தவர்களுடையது. அணை என்பது நீர்த்தேக்கம், தீயை நீரால் கொல்கிறோம், ஆகவே அணையின் நீரைக் கொண்டு செய்வது அணைப்பு என்கிறார்கள். அணை நீரன்று, நீரைத் தடுப்பது. கல்லணையில் அணை என்பது கல்லைக் குறிக்கும், காவிரியைக் குறிக்காது. வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்குக்கூட இது சரியாக விளங்கியிருக்கிறது. அவர்கள் நம் அணைக்கட்டை அனிகட் என்று ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது குறுக்கே கட்டிய சுவரைத்தான் அப்படி அழைத்தார்கள். தேங்கிய நீருக்கு வேறு சொல் வைத்துக்கொண்டார்கள். நீரைத் தடுப்பது எப்படித் தீயைத் தணிப்பதாயிற்று என்பதுதான் கேள்வி. அதற்கு இவர்களிடம் விடை இல்லை.

பேராசிரியரின் அவிப்புக்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி உண்மை. பழைய நூல்களில் தீக்கும் விளக்குக்கும் மட்டுமல்ல, மனத்துக்கும் புலனுக்கும் அவிதல்தான் சொல். ஆறாம் குறளில் இறைவன் ஐந்தையும் அவித்தவன். 25-ஆம் குறளிலும் ஐந்தவித்தான் வருகிறான். நரை வராத காரணத்தைப் பிசிராந்தையார் அடுக்கும் புறநானூற்று 191-ஆம் பாட்டில் ஊர்ச் சான்றோரின் பெருமை அவிந்து அடங்கியதில்தான் இருக்கிறது. வேள்வியில் சொரியும் அவி வடசொல். அதையும் இதையும் குழப்பிக்கொள்கிறவர்களை இங்கே விட்டுவிடலாம்.

ஆனால் சொல் அங்கேயே நின்றுவிடவில்லை. தணித்தல், நீரால் தணித்தல், நீரின் சூட்டால் வேகவைத்தல் என்று நகர்ந்து அடுப்படிக்குள் வந்துவிட்டது. நெல்லை அவிக்கிறோம், கிழங்கை அவிக்கிறோம், இட்லியை அவிக்கிறோம். எழும்பூரில் தீயவிப்பு நிலையம் என்று பலகை வைத்தால் உள்ளே போய்ச் சட்னி கேட்பார்கள். புழக்கத்தில் பொருள் மாறிய சொல்லைப் பழைய பொருளுக்குத் திருப்பி இழுக்க மேடையில் முடியும், தெருவில் முடியாது.

இன்னொரு பழஞ்சொல் இருக்கிறது, பேராசிரியர் தொடாதது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று வரிசையாக வரும். ஆட்டைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆட்டுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். அதாவது மந்தையின் எண்ணிக்கை குறையக்கூடாது. அப்படி எரியும் விளக்கைச் சோழர் காலக் கல்வெட்டுகள் நுந்தா விளக்கு என்றும் நொந்தா விளக்கு என்றும் பொறிக்கின்றன. நுந்துதல் என்றால் விளக்குப் போதல். கன்னடத்தில் இன்றும் பெங்கி நந்திஸு என்றால் நெருப்பை அணை. யாழ்ப்பாணத்தில் விளக்கை நூர் என்பார்கள். அது போனால் நூந்து போச்சு. நுந்தும் நூரும் ஒரே குடும்பம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கல்லில் மட்டும் இருக்கிறது என்று நாம் நினைக்கும் சொல் கடலுக்கு அந்தப் பக்கம் மின்விளக்குப் பொத்தானில் உயிரோடு இருக்கிறது.

சோழர் காலத்தில் அணையா விளக்கு என்று சொல்லாமல் நுந்தா விளக்கு என்று சொன்னது ஏன்? இன்று வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பை அணையா அடுப்பு என்கிறோம். விளக்குக்கு ஒரு சொல், அடுப்புக்கு ஒரு சொல் என்று இருந்திருக்கிறது என்பது என் முடிபு. விளக்கு ஊதினால் போகும், நெய் தீர்ந்தால் போகும், காற்றடித்தால் போகும். அதன்மேல் எதையும் வைத்து அமுக்க வேண்டியதில்லை. அடுப்பும் கொள்ளியும் அப்படியல்ல. இதைப் பிடித்துக்கொண்டால் சொல்லின் வழி தெரிகிறது.

அதற்கு முன் மங்கல வழக்குக் கட்சியையும் அனுப்பிவைக்க வேண்டும். விளக்கை அவி என்று சொல்ல வீட்டுப் பெண்கள் கூசுவார்கள். குளிர வை என்பார்கள், அமர்த்து என்பார்கள். விளக்கு மலையேறிவிட்டது என்பார்கள். செத்தாரைத் துஞ்சினார் என்பது போல. தகுதி வழக்கை நன்னூலார் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாக்கியதில் நடுவில் நிற்பது இது. அணையும் இப்படி வந்த மங்கலச் சொல்தான், தழுவல் என்ற இனிய பொருளால் கடுமையை மறைத்தது என்று ஒருவர் நூலே எழுதியிருக்கிறார். வீட்டு விளக்குக்கு இந்த நாசூக்கு பொருந்தும். வைக்கோற்போர் பற்றி எரியும்போது, ஓடி வந்து அணையுங்கடா என்று கத்துகிறவன் மங்கலம் பார்த்துச் சொல் தேட மாட்டான்.

பெரியபுராணத்தைக் காட்டுகிறவர்களும் உண்டு. சேக்கிழாரின் அடியார்கள் ஊர்தோறும் அணைவார்கள். அதுபோல் தீயும் தன் மூலத்தைச் சென்று அணைகிறதாம். பக்தியாக இருக்கிறது.

இனி என் வழி. அண் என்பது நெருக்கத்தின் வேர். அண்மை, அண்டுதல், அணுகுதல், அணித்து எல்லாம் அதன் கிளை. அணை என்பது வெறுமனே பக்கத்தில் வருவதன்று. இடைவெளியில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டவைப்பது. நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலில் விரித்த அணை உடம்போடு ஒட்டுவது. தலையணையும் அப்படியே. பால் கறக்கும்போது மாட்டின் பின்னங்காலில் போடும் அணைகயிறு காலோடு காலை நெருக்கிக் கட்டுவது. ஆற்றின் குறுக்கே போட்ட அணை நீரை முட்டுக்கொடுத்து நிறுத்துவது. தாய் பிள்ளையை அணைப்பதும் இந்த வரிசையில் ஒன்று. அதுதான் முதற்பொருள் என்று யார் சொன்னது?

இந்த வரிசையில் மேடைக்காரர்கள் யாரும் எடுக்காத சொல்லாட்சி ஒன்று உண்டு: மண் அணைத்தல். வாழை வைத்தவரைக் கேளுங்கள், கரும்பு வைத்தவரைக் கேளுங்கள். களை எடுத்து உரம் வைத்தபின் மண்வெட்டியால் இரண்டு பக்கத்து மண்ணையும் இழுத்துத் தூரோடு சேர்த்துக் குவிப்பார்கள். வேளாண் துறையின் துண்டறிக்கையிலும் அது மண் அணைத்தல்தான். செடி மண்ணை அணைப்பதில்லை, மண்ணும் செடியைக் கொஞ்சுவதில்லை. மண்ணைக் கொண்டுபோய் ஒன்றின்மேல் நெருக்கி மூடுகிறார்கள்.

அந்த மண்வெட்டியோடு அதே ஆள் களத்துமேட்டில் பற்றிய தீக்கு ஓடினால் என்ன செய்வான்? கோடையில் கிணற்றில் நீர் எட்டாத ஆழத்தில் கிடக்கும். கைக்கு எட்டுவது மண். மண்ணை வாரி நெருப்பின்மேல் அணைப்பான். இல்லையென்றால் பச்சைத் தழையை ஒடித்து அடிப்பான், ஈரச் சாக்கைப் போட்டு மூடுவான். மலைக்காட்டில் புல் எரியும்போது இன்றும் தழைதான் ஆயுதம். தீக்கு மண் அணைத்தான் என்பது நாளாவட்டத்தில் தீயை அணைத்தான் என்றாயிற்று. பயிருக்கு நீர் பாய்ச்சினான் என்பது வயலைப் பாய்ச்சினான் ஆவதில்லையா? தீயை அணைத்தான் என்று வந்தபின் தீ அணைந்தது தானாக வந்துவிட்டது. தன்வினையை முதலில் வைத்துக்கொண்டு பிறவினையைத் தேடியதால்தான் முந்தையவர்கள் வழி தவறினார்கள்.

வரும்முன் காக்காதவன் கதியைச் சொல்ல 435-ஆம் குறள் எடுத்துக்கொண்ட வைத்தூறும் வைக்கோற்போர்தான். நாட்டுப்புறத்துத் தீ என்றால் வள்ளுவருக்கே முதலில் நினைவு வந்தது அது. போர் பற்றினால் மேலே ஊற்றும் நீர் வழிந்து ஓடிவிடும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். பிரித்துப் பரப்பி மண்ணால் மூடினால்தான் அடங்கும்.

சொல்லிலிருந்து பொருளுக்குப் போனாலும் இதே கதைதான். சினிமா கொட்டகையின் ஓரத்தில் சட்டத்தில் தொங்கும் சிவப்பு வாளிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, தீ. அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். தரையில் வைத்தால் நிற்காது. ஆகவே யாரும் வேறு வேலைக்கு எடுத்துப்போக மாட்டார்கள். அதில் பாதி வாளிகளில் இருப்பது மணல். பெட்ரோல் பங்கில் எல்லா வாளியிலும் மணல்தான். எண்ணெய் எரியும்போது நீரை ஊற்றினால் எண்ணெய் நீரின்மேல் மிதந்து தீ பரவும். ஆகவே எண்ணெய்த் தீக்குப் போகும் வண்டியில் நுரை ஏற்றிப் போகிறார்கள். நுரை போர்வைபோல் படிந்து காற்றை அடைக்கிறது. வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தட்டைப் போட்டு மூடுங்கள் என்று தீத்தொண்டு வாரத்தில் சொல்லித்தருகிறார்களே, அதுவும் இதுதான்.

எண்ணெய்த் தீ என்றதும் சென்னைக்கு நினைவு வர வேண்டியது 1914 செப்டம்பர் 22 இரவு. எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்று சுட்டதில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. கப்பல் அந்த ஆண்டே அழிந்தது. சொல் அழியவில்லை. அவன் பெரிய எம்டன் என்று பாட்டிமார் சொல்லும்போது அது தமிழ்ப் பெயர்ச்சொல். கப்பற்பெயர் குணப்பெயரான இதைப்போல் இன்னொன்று நம் மொழியில் அரிது. ஆனால் எம்டனை எமனோடு சேர்த்து எமன்தன் என்று பிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் கைப்பேசிக் கட்சியிலேயே சேர்த்துவிடலாம்.

எம்டன் வந்தபோது சென்னையின் தீயணைப்புப் படைக்கு வயது ஆறு. 1908-இல் சென்னை நகரத்துக்கென்று தொடங்கியதுதான் இன்று மாநிலம் முழுவதும் இருக்கும் துறையின் தொடக்கம். அதற்கு முன் நம் நகரங்கள் தீக்கு ஏற்பாடே செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வீட்டுக்கு வீடு என்ன இருக்க வேண்டும் என்று சட்டம் போடுகிறது: நீர்க்குடங்கள், தொட்டி, ஏணி, கோடரி, கொக்கி, தோற்பை, முறம். முறம் புகையை விலக்க. கொக்கி கூரையைப் பிய்க்க. குடிசைப் பகுதியில் தீ பரவும்போது அடுத்த வீட்டுக் கீற்றைத் துறட்டியால் இழுத்துப் போடுகிறார்களே, கௌடில்யரின் கொக்கி அதுதான். ஆளும் வண்டியும் சம்பளமும் சேர்ந்த துறை மட்டும்தான் புதிது.

துறைக்குத் தனிச்சட்டம் வர 1985 ஆயிற்று. அதே ஆண்டு மே மாதம், 1900-இல் திறந்த மூர் மார்க்கெட் எரிந்துபோனது. பத்தாண்டுக்கு முன், 1975 ஜூலையில், அண்ணா சாலையின் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் எரிந்தது. அதைப் பார்த்த தலைமுறைக்கு மாடி என்ற சொல்லே கொஞ்ச நாள் கசந்திருக்கும்.

தலைமையிடம் எழும்பூர் ருக்மணி லட்சுமிபதி சாலையில். பயிற்சி தாம்பரத்தில், அதிகாரிகளுக்கு மேற்பயிற்சி நாக்பூரிலுள்ள தேசியக் கல்லூரியில். உச்சியில் இயக்குநர், வழக்கமாக ஐ.பி.எஸ். அதிகாரி. கீழே இணை இயக்குநர், துணை இயக்குநர், மாவட்ட அலுவலர், உதவி மாவட்ட அலுவலர், நிலைய அலுவலர், முன்னணித் தீயணைப்பாளர், தீயணைப்பாளர். ஆள் எடுப்பது போலீசுக்கும் சிறைக்கும் ஆள் எடுக்கும் அதே சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம்.

இந்தப் பட்டியலில் ஒரு பதவியை வேண்டுமென்றே விட்டேன்: இயந்திரக் கம்மியர் ஓட்டி. வண்டியை ஓட்டுவதும் பம்பை இயக்குவதும் பழுது பார்ப்பதும் இவரே. நிலையத்தில் எல்லாரும் டிரைவர் மெக்கானிக் என்பார்கள். கோப்பில் மட்டும் கம்மியர். அந்தக் கோப்பெழுத்தர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, நெடுநல்வாடையின் கம்மியனை வண்டியில் ஏற்றிவிட்டார். அங்கே கைவினை வல்லவன். இங்கே பம்ப் வல்லவர். இயந்திரத்தை எடுத்துவிட்டுப் பொறி என்று வைத்திருந்தால் இன்னும் அழகு. பொறி என்பது எந்திரம். மதுரைக் கோட்டை மதிலின் பொறிகளை அடைக்கலக் காதை அடுக்குகிறது. பொறி என்பது தீப்பொறியும். புலனும் பொறிதான், ஆறாம் குறளில் அவித்தலோடு சேர்ந்தே வருகிறது. பொறியைப் பொறியால் வெல்லும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

துறைப் பெயரில் பின்னால் சேர்ந்த மீட்பைப் பற்றியும் பேராசிரியர் குறைப்பட்டார். மீட்பு என்பது நகைக்கடனுக்கும் கிறிஸ்தவர்களின் மீட்பருக்கும் உரிய சொல்லாம். அவர் புறப்பொருள் வெண்பாமாலையை ஒருமுறை புரட்டியிருக்கலாம். கவர்ந்து போன ஆநிரையை மீட்பது கரந்தை. மீட்கப் போய் விழுந்தவர்களுக்குத்தான் ஊர் எல்லையில் நடுகல். இன்று நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை எவை? கிணற்றில் விழுந்த பசு, சேற்றில் மாட்டிய எருமை. கயிற்றைக் கட்டி, வயிற்றுக்கு அடியில் தீயணைப்புக் குழாயைச் சுற்றிக் கொடுத்து, ஊரே சேர்ந்து இழுத்து மேலே கொண்டுவரும்போது நடப்பது அசல் ஆநிரை மீட்டல். வெட்சியார் மட்டும் இல்லை. மிச்ச நேரத்தில் பாம்பு. நிலையத்தில் அழைப்புக்குக் கால் என்று பெயர்: ஃபயர் கால், ரெஸ்க்யூ கால், பாம்பு கால். பாம்பின் கால் பாம்பறியும் என்ற பழமொழிக்கு இனி நிலைய எழுத்தரும் ஒரு சாட்சி. இதுதான் நன்னூலாரின் மூன்றாம் வகை, குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றது போல.

மலேசியாவில் தமிழர் வாயில் இத்துறை பொம்பா. போர்த்துகீசியர் பம்புக்கு வைத்த பெயர் மலாய் வழியாக வந்தது. இந்தியில் தம்கல், கல் என்றால் எந்திரம். இரண்டு மொழியும் கருவியால் பெயர் வைத்தன. தமிழ் செயலால் வைத்தது. நம் சொல் எந்திரத்துக்கு முந்தியது என்பதற்கு இதையும் ஒரு சான்றாகக் கொள்கிறேன். பம்பு வந்தபின் பிறந்திருந்தால் அதில் பம்பின் வாடை அடித்திருக்கும்.

தீயெச்சம் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். 674-ஆம் குறள் வினையின் எச்சத்தையும் பகையின் எச்சத்தையும் அதோடு ஒப்பிடுகிறது. தீ தணிந்தபின் இடிபாட்டைக் கிளறி, மறைந்திருக்கும் கனலைத் தேடி நீர் அடிக்கும் வேலைக்குத் துறையில் ஆங்கிலப் பெயர் புழங்குகிறது. தீயெச்சம் பார்த்தல் என்று சொல்லிக்கொள்ளலாம். கலைச்சொற்குழு கூட வேண்டியதில்லை. 2017 மே 31 காலையில் தியாகராய நகர் சென்னை சில்க்ஸில் பற்றிய தீ மறுநாளும் உள்ளே கனன்றது. கட்டடம் சரிந்தது, மிச்சத்தை இடித்தே முடித்தார்கள். துணிக்கடையின் எச்சம் வைக்கோற்போரின் எச்சத்தைப் போன்றது. மேலே பார்த்தால் கரி, தோண்டினால் கங்கு. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலக வளாகத்தின் பழைய கலச மகால் எரிந்தபோது இடிபாட்டில் சிக்கித் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். கோட்ட அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயங்களோடு மீட்கப்பட்டார். உங்கள் பெயரே பிழை என்று மேடையேறிச் சொல்கிறவர் யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

பேராசிரியர் கடைசியாகக் கேட்ட கேள்வி: இன்று நீரால்தானே அணைக்கிறார்கள், மூடுவது எங்கே? நீர் தணிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பானின் சீட்டைப் படியுங்கள். உலர்பொடி என்றிருக்கும், அல்லது கரியமில வாயு என்றிருக்கும். கரியமில வாயு எரிவதைச் சூழ்ந்து காற்றை விலக்குகிறது. உலர்பொடி எரிவினையை அறுக்கிறது. மரம், துணி எரிந்தால் உருகி மேலே ஓடாகவும் படிகிறது. இரண்டும் எரிவதற்கும் காற்றுக்கும் நடுவே போய் நெருங்கி நிற்பவை. அவித்தல் இங்கே பொருந்தாது, நுந்துதல் பொருந்தாது, அணைத்தல் பொருந்துகிறது. வாழைத் தூரில் மண் அணைத்த கைதான் முதன்முதலில் தீயையும் அணைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுக்கிறவர்கள் மண்வெட்டியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து மறுக்கட்டும்.